நான்கு பெயர், ஒரே வாய்

போன மாதம் உங்கள் ஆய்வுகூடத்துக்கு என்னை அழைத்துத் தேநீர் கொடுத்தீர்கள். நன்றி. ஏதாவது பேசுங்கள் என்று கேட்டபோது நான் சரியாகப் பேசவில்லை. என் கண் உங்கள் மேசையில் இருந்தது. சளிப் போத்தல்கள் பதினேழு. அவற்றில் மூடி சரியாக இறுகாதவை ஐந்து. எண்ணுவது ஒரு வியாதி என்று என் மனைவி சொல்வாள். இருக்கலாம். அந்த வியாதியை வைத்துத்தான் முப்பது வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கினேன்.

உங்களில் ஒரு பிள்ளை அன்று எழுதிய அறிக்கையைப் பார்த்தேன். "சாதாரண வாய்க் கிருமிகள் மட்டும்" என்றிருந்தது. நுணுக்குக்காட்டியில் கலங்களைப் பார்த்தாயா அம்மா என்று கேட்டேன். "கல்ச்சர் போட்டாச்சு சார், கிருமிய வளத்துப் பாத்தாச்சு, அது போதும்" என்றாள். போதாது. நோயாளியின் நெஞ்சிலிருந்து வந்ததா, வாயிலிருந்து வந்ததா என்று தெரியாமல் என்ன கிருமி என்று தேடுவது, கடிதத்தைப் பிரிக்காமல் பதில் எழுதுவது போன்றது. பெரிய தட்டையான கலங்கள் நிறைய இருந்தால் அது வாய் எச்சில். சீழ்க் கலங்கள் நிறைந்திருந்தால் அது நெஞ்சுச் சளி. இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒன்றை அன்று சொல்ல மனம் வரவில்லை. எழுதி அனுப்புகிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. மலைநாட்டில், ஹட்டன் பக்கம் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் நான் நுணுக்குக்காட்டி பார்க்கிறவன். ஆய்வுகூடம் என்று பெயர்தான். மருந்துக் களஞ்சியத்தில் பாதியைப் பலகையால் அடைத்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு நுணுக்குக்காட்டி, மண்ணெண்ணெய் விளக்கில் சூடாகும் ஓர் அடைகாப்புப் பெட்டி, சாயப் போத்தல்கள் ஆறு. தென்மேற்கு மழை தொடங்கினால் மலையெல்லாம் இருமும். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து சளிப் போத்தல்கள் தோட்டத்து லொறியில் வரும்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்படி நான்கு போத்தல்கள் வந்தன. ஒரே தோட்டம். இருமுகிறவர்கள் எல்லோருக்கும் சயரோகம் உண்டா என்று பார்க்கும்படி தோட்டத்தை நடத்தும் துரையின் உத்தரவு. சீட்டில் நான்கு பெயர்கள்: ஒரு பெண், மூன்று ஆண்கள். முதல் மூடியைத் திறந்ததும் கிராம்பு மணந்தது. மூக்கைக் கொண்டுபோய் வைக்கவில்லை; நீங்களும் வைக்காதீர்கள். தானாக எழுந்து வந்தது. யாருக்கோ பல்வலி என்று நினைத்தேன். இரண்டாவதைத் திறந்தேன். கிராம்பு. மூன்றாவது, நான்காவது, கிராம்பு, கிராம்பு.

சாயமேற்றிப் பார்த்தேன். நான்கிலும் தட்டைக் கலங்கள் விரித்த பாய்போலக் கிடந்தன. சீழ்க் கலம் தேடினாலும் அகப்படவில்லை. ஈறு அழுகிய வாயில் இருக்குமே, சுருள் கிருமியும் ஊசிக் கிருமியும் கூட்டமாக, அவை நான்கிலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருந்தன. பாக்குத் துகள்கூட ஒரே பழுப்பு. எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றேன். சீட்டில் நான்கு பெயர். போத்தலில் இருந்தது ஒரே வாய்.

ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பாக இருந்த டாக்டரிடம் போனேன். சிங்களவர், ஓய்வுக்கு அருகில் இருந்தவர். அவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்கு அது பிடிக்காது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிங்களத்தில், "நீ கிருமி பார்க்கிறாயா, சாஸ்திரம் பார்க்கிறாயா?" என்று சிரித்தார். பிறகு தானே வந்து நான்கு கண்ணாடித் தகடுகளையும் பார்த்தார். சிரிப்பு நின்றது.

"இதைத் தோட்டத்துக்கு எழுதினால் என்ன நடக்கும்?" என்றார்.

எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அதற்கு முந்தைய வருடம் அதே தோட்டத்தில் மாரிமுத்து என்று ஒருவனுக்குச் சயரோகம் என்று எழுதினோம். அவனைச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். பின்னாலேயே தோட்டத்து வேலைப் பதிவில் அவன் பேரை வெட்டினார்கள். பேர் போனால் லயத்தில், அந்த வரிசை வீட்டில், குடியிருக்கும் ஒற்றை அறைக் காம்பரா போகும். பிரஜாவுரிமையும் இல்லாதவர்கள்; காம்பராவும் போனால் எந்த ஊர்க்காரர் என்று சொல்வதற்கு ஒரு கதவுகூட மிச்சமில்லை. இப்போது ஏமாற்று என்று எழுதினால் திங்கட்கிழமை ஆள் எண்ணும் பெரட்டில் நான்கு பேரும் நோயை மறைத்தவர்கள் ஆவார்கள்.

"எழுதாவிட்டால்?" என்றார் அவரே. "நான்கு பேரில் யாராவது உண்மையிலேயே நோயாளியாக இருந்தால், நல்ல ஆரோக்கியத்தோடு செத்துப்போவார்கள். நம் கையெழுத்தோடு." தகடுகளை என் பக்கம் தள்ளினார். "நீ போய்ப் பார். உண்மையான சளி கொண்டு வா. அதுவரை எதுவும் எழுதாதே."

ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியா பஸ்ஸில் போனேன். இப்போது நீர்த்தேக்கத்தின் தண்ணீருக்கடியில் கிடக்கும் பழைய பஸாரில் இறங்கினேன். நான்கு பேரிடமும் நேரே போய்க் கேட்டால் நான்கு பேரும் சத்தியம் செய்வார்கள். அதனால் கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் ஏறி, அந்தத் தோட்டத்திலிருந்து யார் கிராம்பு வாங்குகிறார்கள் என்று கேட்டேன்.

"கிராம்பா? சின்னமுத்துதான். வேற யாரு?" என்றார் அவர். "அந்தப் பல்லப் புடுங்கிப் போடுங்கன்னு எத்தன தரம் சொல்லியாச்சு. கேக்க மாட்டேங்குறாரு. ஏன், நீங்க பல்லு டாக்டரா?"

"இல்ல. எச்சில் பாக்குறவன்."

"அதுக்கும் ஆளு வச்சிருக்காங்களா!" என்று கடையில் இருந்த எல்லோரும் கேட்கும்படி சொன்னார்.

சின்னமுத்து தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் ஆள். அறுபதை நெருங்கிய வயது, அகலமான மார்பு. லயத்துக்குத் தண்ணீர் கொட்டும் பீலியடியில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் எச்சில் பார்ப்பவன் என்றதும் வாயை மூடிக்கொண்டு ஓரடி பின்னால் போனார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"நல்லாருந்துச்சுங்களா?"

"நாலும் நல்லாருந்துச்சு. ஒரே மாதிரி நல்லாருந்துச்சு."

"அப்பறம் என்னங்க சார்? நல்லாருக்குன்னு எழுதிற வேண்டியதுதான?"

மாரிமுத்து அவருக்கு அடுத்த காம்பராக்காரன். அவன் அகப்பட்டபோது பக்கத்துக் காம்பராக்காரர்களையும் சோதித்தார்கள். சின்னமுத்துவுக்கு எக்ஸ்ரே எடுத்து, சளி பார்த்து, சுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த லயத்துக்கு அவர் வாய் பொது வாய். யாரிடம் போத்தல் கொடுத்தாலும் அது அவரிடம் வரும். அவர் பீலியடியில் நின்று துப்பிக் கொடுப்பார். பதிலுக்கு எதுவும் வாங்குவதில்லை.

"மாரிமுத்து துப்புனது அவன் சளிதாங்க சார். நெசமானது. அந்த ஒரு தப்புத்தான் அவன் செஞ்சான்" என்றார். "அஞ்சு உசுரு சாமான் சட்டியோட ரோட்டுல நின்னத நாந்தான் பாத்தேன். நீங்க பாக்கலயே."

நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது நுணுக்குக்காட்டியில் சயரோகத்தின் சிவப்புக் கிருமியை.

"நாலு பேருல யாருக்கு நெசமா முடியல?" என்று கேட்டேன். "காய்ச்சல், நெஞ்சுல குத்து, மூச்சு வாங்குறது, அப்படி யாராவது?" என்றேன். கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அதில் எதுவும் இல்லை. கடைசியில், "காமாட்சிதாங்க" என்றார்.

அவள் காம்பராவுக்கு அவரே கூட்டிப்போனார். இருபது வயதிருக்கும். கொழுந்து பறிப்பவள். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருந்தார்கள். சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படுத்தால் வலது பக்கம் கத்தி இறங்குவதுபோல் இருக்கிறது என்றாள். வாயைச் சுற்றிக் காய்ச்சல் கொப்புளம். மூச்சு விட மூக்கு மடல் விரிந்து சுருங்கியது. நான் டாக்டர் அல்ல, ஆனால் அதைப் பார்க்க டாக்டராக இருக்க வேண்டியதில்லை. அவள் கணவன் ராமையா வாசலை மறித்து நின்றான்.

"டாக்டரையா வெறும் தடுமன்னு சொல்லிட்டாருங்க. தண்ணி மருந்து குடுத்திருக்காரு." தோட்டத்து மருந்தகத்தைப் பார்ப்பவரை அங்கே டாக்டரையா என்பார்கள், அவர் டாக்டர் அல்ல.

"தடுமனுக்கு இப்படி மூச்சு வாங்காது தம்பி. அவ சளி வேணும்."

"எடுத்துட்டுப் போயி டீபின்னு எழுதிட்டீங்கன்னா?"

"டீபி இல்லன்னும் எழுதலாம்ல? அது அவ சளியிலதான் தெரியும்."

"அதான் கொடுத்தாச்சே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதற்குள் பின்னால் நின்ற சின்னமுத்து சத்தம் போட்டார்: "டேய், கொடுத்தது நான்டா! நான் துப்புனதுக்கு மருந்து வந்தா, எனக்கு வந்த மாதிரிடா. அவ நெஞ்சு எப்படிடா ஆறும்? வழிய விடு."

ராமையா விலகினான். அவள் விலாவைக் கையால் அழுத்திக்கொண்டு இருமினாள். வந்தது கொஞ்சம். இரும்புத் துருவின் நிறம். வெற்றிலைச் சிவப்போடு இதைக் குழப்பாதீர்கள். வெற்றிலைச் சிவப்பு பளிச்சென்று தண்ணீராக ஓடும். இது போத்தலைச் சாய்த்தாலும் நகரவில்லை. அதைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொண்டு கொண்டுவந்தேன். நான் சந்தேகித்த கிருமிக்கு மலைக் குளிர் ஆகாது.

அன்று பின்னேரமே பார்த்தேன். சீழ்க் கலங்கள் மொய்த்துக் கிடந்தன. அவற்றுக்கிடையே ஊதா நிறத்தில், சோடி சோடியாக, வெளிநுனி கூர்ந்த கிருமிகள். ஒவ்வொரு சோடியைச் சுற்றியும் சாயம் ஏறாத வெள்ளை வளையம், கிருமி போர்த்திய போர்வை. நியுமோகொக்கஸ். சயரோகத்துக்கான சாயமும் போட்டு, கண் நீர்விடும்வரை தேடினேன். ஒரு சிவப்புக் கிருமியும் இல்லை. இரத்தம் கலந்த தட்டில் மெழுகுதிரி ஏற்றிய சாடிக்குள் வளர்த்தபோது, பச்சை விளிம்பும் குழிந்த நடுவுமாக வளர்ந்தது. பித்த உப்பில் கரைந்தது. அது பிறகு. பெனிசிலின் அதுவரை காத்திருக்கக் கூடாது, காத்திருக்கவும் இல்லை.

டாக்டர் தம் குவாட்டர்ஸ் தோட்டத்தில் முட்டைக்கோசுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். "நல்ல செய்தி" என்றார். இந்தத் தொழிலில் நியுமோனியா நல்ல செய்தியாக இருந்த நாள் அது ஒன்றுதான். அப்போதே தோட்டத்துக்குச் சீட்டு எழுதினார்: காமாட்சிக்கு நியுமோனியா, சயரோகம் இல்லை, உடனே லொறியில் அனுப்பவும்.

மிச்சம் மூன்று பேர். வெள்ளிக்கிழமைப் போத்தல்களுக்குப் பதில் போக வேண்டும். நோய் இல்லை என்று எழுத முடியாது. யாருடைய நெஞ்சையும் நாங்கள் பார்க்கவில்லை. ஏமாற்று என்றும் எழுதக் கூடாது. போத்தல் வழியில் உடைந்தது என்று எழுதலாமா என்று கேட்டேன். "நான்குமா?" என்றார். யோசித்துவிட்டு, "எச்சில்தான் வந்திருக்கிறது, சளி இல்லை, மீண்டும் அனுப்பவும் என்று எழுது. அதில் பொய் இல்லை, யாரையும் காட்டிக்கொடுப்பதும் இல்லை" என்றார். நீங்கள் இன்றும் அதைத்தான் எழுதுகிறீர்கள். அதைவிடக் குற்றமற்ற வாக்கியம் நம் தொழிலில் கிடையாது.

காமாட்சி திங்கட்கிழமை வந்தாள். பெனிசிலின் ஏறியது. புதன்கிழமை கஞ்சி கேட்டாள்.

அதே புதன்கிழமை தோட்டத்து டாக்டரையா தாமே வந்தார், மூன்று போத்தல்களைக் கையில் பிடித்துக்கொண்டு. முகமெல்லாம் பெருமை.

"இந்தத் தடவ சரியா இருக்கும் பாருங்க. வெறும் எச்சின்னு நீங்க எழுதுனதும் எனக்கு வெளங்கிருச்சு. பெரட்டுல வச்சே துப்ப வச்சேன். வரிசையா நிக்க வச்சு, நெஞ்சுலருந்து வரும்வரைக்கும் விடல. துரையே நின்னு பாத்தாரு."

"பெரட்டுலயா? எல்லாருக்கும் முன்னாலயா?"

"அப்பத்தான அடுத்தவனுக்கும் பயம் வரும்? சின்னமுத்துப் பய வெசயமும் வெளியில வந்துருச்சு. நீங்க சொன்னது சரிதான் சார். உங்க ரிப்போட்டுப்படிதான் எல்லாம் செஞ்சோம்."

நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மூன்று போத்தல்களையும் வாங்கி வைத்தேன். இரண்டு பேருக்கு மார்ச்சளி, பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாவது போத்தல் பெருமாள் என்பவனுடையது. நீலப் பின்னணியில் சிவப்புக் கோல்கள். சயரோகம். ஒரு பார்வை வட்டத்தில் மட்டும் பதினொன்று எண்ணினேன். மறுபடி எண்ணினேன். எண்ணிக்கை குறையவில்லை.

மறைப்பதா என்ற பேச்சு எங்களுக்குள் வரவே இல்லை. பெருமாளின் காம்பராவில் பிள்ளைகள் இருந்தார்கள். அடுத்த காம்பராவிலும் இருந்தார்கள். மருந்தும் அப்போது வந்துவிட்டது. எழுதினோம். டாக்டர் தனியாகத் துரைக்கும் எழுதினார்: இது குணமாகக் கூடிய நோய், குடும்பத்தை வெளியேற்றத் தேவையில்லை, பேரை வெட்ட வேண்டாம் என்று. பதில் வரவில்லை. காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்து வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று லொறி டிரைவர் சொன்னார். டாக்டர் மேலிடத்துக்கும் எழுதினார். கடிதம் கிடைத்தது என்று மட்டும் அவர்கள் எழுதினார்கள்.

சின்னமுத்துவுக்கும் வேலை போயிற்று. ஒரு காலையில் ஆஸ்பத்திரி வரிசையில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வெளியே போனேன். "என்ன, பல்லா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க சார். புடுங்கிரலாம்னு வந்தேன். இனிமே யாருக்குங்க வேணும் இந்த வாயி?" என்று சிரித்தார். கந்தப்பளையில் மகள் இருக்கிறாள், அங்கே போகிறேன் என்றார். என்மீது கோபமா என்று கேட்க வாய் எடுத்தேன். அதற்குள் அவர் முறை வந்துவிட்டது.

பிள்ளைகளே, இதை நான் ஏதோ மன்னிப்புக் கேட்டு எழுதுவதாக நினைக்க வேண்டாம். அந்த நான்கு போத்தல்கள் நாளைக்கு வந்தாலும் அதே பஸ்ஸில் ஏறுவேன். போகாமல் இருந்திருந்தால் காமாட்சி அந்த வாரத்தைத் தாண்டியிருக்க மாட்டாள். என் கசப்பு வேறு. சரியான சளி, சரியான சாயம், சரியான வாக்கியம். எல்லாம் சரியாக இருந்தும், அறிக்கை மேசையை விட்டு இறங்கியதும் அது யார் கைக்குப் போகிறதோ அவனுடைய பொருளாகிவிடுகிறது. உங்கள் அறிக்கையை வைத்தியர் வாசிப்பார் என்று நினைத்து எழுதுகிறீர்கள். காம்பராச் சாவி வைத்திருப்பவனும் வாசிக்கிறான். பேனாவை எடுக்கும்போது அவன் முகத்தையும் ஒரு தரம் நினைத்துக்கொள்ளுங்கள். நினைத்தாலும் வேறு வாக்கியம் கிடைக்காமல் போகலாம். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

காமாட்சி குணமாகி லயத்துக்குப் போய்ச் சில வாரம் கழித்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பலகைக் கதவடியில் வந்து நின்றாள். கும்பிட்டாள். லயத்தில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"என்கிட்ட யாரும் பேசுறதில்லீங்க சார். நான் சளி குடுத்துப் பொழச்சதாலதான் பெருமாள் அண்ணன் வீடு போச்சுங்குறாங்க." குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றினாள். "எங்க லயத்துல இனிமே யாரும் இரும மாட்டாங்க சார்."

அடுத்த மழைக்காலம் வந்தது. சுற்றியிருந்த தோட்டங்களிலிருந்தெல்லாம் போத்தல்கள் வந்தன. அந்தத் தோட்டத்திலிருந்து ஒன்றுகூட வரவில்லை. சின்னமுத்துவின் கிராம்பு வாசம்கூட வரவில்லை. மாதாந்தக் கணக்கில் அந்தத் தோட்டத்தின் எதிரே பூஜ்யம் போட்டு அனுப்பினேன். மேலிடத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி அந்தப் பூஜ்யங்களைப் பார்த்துவிட்டு, நல்ல நிர்வாகம் இருந்தால் இப்படித்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மழை முடிவதற்குள் ஒரு நாள் லொறியில் ஆறு வயதுப் பெண்பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். அதே லயம். உதடு நீலம் பாய்ந்திருந்தது. வலது நெஞ்சு முழுவதும் சீழ். சீழ் எடுத்த ஊசியிலிருந்து டாக்டர் கையை எடுப்பதற்குள் உயிர் போய்விட்டது. ஊசியில் எடுத்த சீழை நான்தான் பார்த்தேன். ஊதா நிறம், சோடி சோடியாக, நல்ல தடித்த வளையத்தோடு. ஆரம்பத்திலேயே வந்திருந்தால் பெனிசிலினுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

எத்தனை நாளாக இருமல் என்று டாக்டர் தாயிடம் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"இருமவே இல்லீங்க சார்" என்றாள் அந்தத் தாய். "நல்ல புள்ளைங்க. சொன்ன பேச்சு கேக்கும். வாயில துணிய வச்சு அவளே அடக்கிக்கிட்டா."